தவணை பிந்திய வீட்டுக்கு: கடன் கொடுத்தவர்களோடு பேசி ஒழுங்கு செய்யும் முறை

கடன் மிஞ்சிய வீட்டில் கடதாசிகள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. அடைவுச் சிட்டை அலுமாரியில் சேலை மடிப்புக்குள் இருக்கும். லீசிங் கம்பனியின் கடிதம் உறை பிரிக்கப்படாமல் சாமித்தட்டுப் படங்களுக்குப் பின்னால் செருகப்பட்டிருக்கும். சீட்டுக் கணக்கு மனைவியின் மனதில் மட்டும் இருக்கும். சந்தையில் கைமாற்றாக வாங்கியது கணவனுக்கு மட்டும் தெரிந்திருக்கும். சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கமொன்றில் நீண்ட காலம் கணக்கெழுதிய நான் திரும்பத் திரும்பக் கண்டது இது: மொத்தக் கடன் எவ்வளவு என்று கேட்டால் கணவர் ஒரு தொகை சொல்வார், மனைவி இன்னொரு தொகை சொல்வார், கூட்டிப் பார்த்தால் வருவது இரண்டையும் விடப் பெரிதாக இருக்கும்.

முதன்முறையாகத் தவணை பிந்தி, என்ன செய்வதென்று தெரியாமல் தொலைபேசியை எடுக்கப் பயப்படும் நிலையில் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் உறவினர் அங்குள்ள கடன் தீர்வுத் திட்டங்களைப் பற்றிச் சொல்லியிருக்கக்கூடும். அங்கே உரிமம் பெற்ற ஒருவர் நடுவில் நின்று, எல்லாக் கடன்களையும் ஒன்றாக்கி, ஒரே மாதத் தொகையாகப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. இலங்கையில் தனிநபர் வங்குரோத்துக்கு 1853 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமொன்று இருந்தாலும் சாதாரண குடும்பம் எதுவும் அந்த வழியால் போவதில்லை. ஆகவே இங்கே அந்த நடுவரின் வேலையை நீங்களேதான் செய்ய வேண்டும்.

முதலில் கொப்பி

ஓர் எண்பது பக்கக் கொப்பி போதும். வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் இருக்கும் நேரத்தில், பேணிகளிலும் இலாச்சிகளிலும் உள்ள அத்தனை கடதாசிகளையும் பாயில் கொட்டிவிட்டு, ஒரு கடனுக்கு ஒரு பக்கமாக எழுதுங்கள். யாரிடம், எந்தத் திகதியில், எவ்வளவு முதல், வட்டி எவ்வளவு, தவணை எவ்வளவு, இதுவரை கட்டியது, பிந்திய தவணைகள், ஈடாகக் கொடுத்தது என்ன, பிணை நின்றவர் யார், காசோலை கொடுக்கப்பட்டதா என்பவை ஒவ்வொரு பக்கத்திலும் இருக்க வேண்டும். ஒளித்து வைத்த கடன் ஒன்று அன்று வெளியே வந்தால் அதற்காகச் சண்டை பிடிப்பதை வேறு நாளுக்குத் தள்ளி வையுங்கள். பாதி எழுதிய கணக்கோடு வங்கிக்குப் போவதால் பயன் இல்லை.

வங்கி, நிதிக் கம்பனி, கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றிடம் கடன் கணக்குக் கூற்று ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நிலுவையில் எவ்வளவு முதல், எவ்வளவு வட்டி, எவ்வளவு தண்ட வட்டி என்று அதில் பிரித்துக் காட்டப்பட்டிருக்க வேண்டும். 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட கடன் தகவல் பணியகத்திடம், பேச்சு வழக்கில் ‘கிறிப்’ என்கிறோமே அதனிடம், உங்கள் பெயரிலான அறிக்கையைப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. எப்போதோ ஒரு நண்பனுக்குப் பிணை நின்று மறந்துபோன கடன்கூட அதில் தெரியும் என்பதால் அதை எடுத்துப் பார்ப்பது வீணாகாது.

வட்டியை எழுதும்போது ஒரு விடயத்தில் கவனம் வேண்டும். ‘பிளாட் 14 வீதம்’ என்று சொல்லித் தரப்படும் கடனில், நீங்கள் பாதி முதலைக் கட்டி முடித்த பிறகும் முழு முதலுக்குமே வட்டி கணக்கிடப்படுகிறது. 300,000 ரூபாவை 3 ஆண்டுகளுக்கு அந்த முறையில் எடுத்தால் வட்டி 126,000 ரூபா. மாதத் தவணை ஏறக்குறைய 11,833 ரூபா. குறைந்து செல்லும் நிலுவைக்கு வட்டி பார்க்கும் முறையில் இதைக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 24 வீதத்தைச் சற்றுத் தாண்டும். வட்டிக்காரர் சொல்லும் ‘நூற்றுக்கு ஐந்து’ மாதக் கணக்கு. அது ஆண்டுக்கு 60 வீதம். எல்லாக் கடனையும் ஆண்டு வட்டியாக மாற்றி எழுதினால்தான் எது உங்களை விழுங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

மாறும் வட்டியில் எடுத்த வங்கிக் கடன் ஏதும் இருந்தால் அந்தப் பக்கத்தில் ஓர் அடையாளம் இடுங்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியபோது அத்தகைய கடன்களின் வட்டியும் ஏறியது. 2023 நடுப்பகுதியிலிருந்து அந்த வீதங்கள் இறங்கின. ஏறியபோது கடிதம் அனுப்பிய வங்கி, இறங்கியபோது உங்கள் கணக்கிலும் இறக்கியதா என்று கேட்பதில் தவறேதும் இல்லை.

வீட்டுச் செலவை எழுதாமல் யாரோடும் பேச வேண்டாம்

கடன் கொடுத்தவர் முதலில் கேட்கும் கேள்வி, “மாதம் எவ்வளவு கட்டுவியள்?” என்பதுதான். கணக்கில்லாமல் போனவர் அந்த நேரத்து வெட்கத்தில் பெரிய தொகையொன்றைச் சொல்லிவிட்டு வருவார். இரண்டு மாதம் கட்டுவார். மூன்றாம் மாதம் விழுந்துவிடுவார். அதற்குப் பிறகு அவருடைய சொல்லுக்கு அந்த அலுவலகத்தில் மதிப்பிருக்காது.

உதாரணத்துக்குச் சுன்னாகம் பக்கத்தில் ஓட்டோ ஓட்டும் ஒருவரையும் தையல் வேலை செய்யும் அவரது மனைவியையும் கற்பனை செய்துகொள்வோம். எரிபொருள் போக ஓட்டோவில் 70,000, தையலில் 20,000 என்று மாதம் 90,000 ரூபா வருகிறது. சாப்பாட்டுக்கு 42,000, மின்சாரம், எரிவாயு, தொலைபேசிக்கு 9,000, பிள்ளைகளின் பாடசாலைக்கும் ரியூசனுக்கும் 9,000, மருந்துக்கு 3,000, வண்டித் திருத்தத்துக்கும் காப்புறுதிக்கும் 5,000 என்று 68,000 ரூபா போகிறது. மிச்சம் 22,000. அதில் 2,000 ரூபாவை யாருக்கும் கொடுக்காமல் எடுத்து வைக்க வேண்டும், ஏனென்றால் ஒரு ரயர் வெடித்தாலே முழுத் திட்டமும் குலைந்துவிடும். ஆகக் கடனுக்கென்று உள்ளது 20,000 ரூபா.

இப்போது கட்ட வேண்டியவற்றைப் பாருங்கள். ஓட்டோவின் லீசிங் 18,500. வங்கிக் கடன் 12,000. மனைவி குழுவில் எடுத்த நுண்கடனுக்கு வாரம் 1,500 ரூபா, அதாவது மாதக் கணக்கில் 6,500. வட்டிக்காரரிடம் எடுத்த ஓர் இலட்சத்துக்கு வட்டி மட்டும் 5,000. எடுத்து முடிந்த சீட்டுக்கு இன்னும் ஐந்து மாதம், மாதம் 5,000. மொத்தம் 47,000 ரூபா. 20,000 ரூபாவை வைத்துக்கொண்டு 47,000 ரூபா கட்டுவதாக நடிப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது; இடைவெளியை நிரப்பப் புதிய கடன் எடுக்கப்படுகிறது; அந்தப் புதிய கடன் எப்போதும் பழையதை விட வட்டி கூடியதாகவே இருக்கும்.

எதை முன்னுக்கு வைப்பது

அதிகம் சத்தம் போடுகிறவருக்கு முதலில் கட்டுவது மனித இயல்பு. ஆனால் வாசலில் நின்று சத்தம் போடுகிறவருக்கு உங்கள் வீட்டை எடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் இராது. அந்த அதிகாரம் உள்ளவர் மரியாதையான கடிதம் ஒன்றை அனுப்பிவிட்டுப் பேசாமல் இருப்பார். ஆகவே ‘கட்டாவிட்டால் என்ன போகும்’ என்ற கேள்வியை ஒவ்வொரு பக்கத்திலும் எழுதி விடை காணுங்கள்.

காணியும் வீடும் சம்பந்தப்பட்ட கடன் எங்கள் ஊரில் மூன்று உருவத்தில் வரும். மூன்றையும் ஒன்றென்று நினைப்பதால் காணி இழந்தவர்கள் பலர். ஈடு வைத்தால் காணி உங்களுடையதாகவே இருக்கும். கடன் தவறினால் அதை விற்று அறவிட வழி செய்யப்பட்டிருக்கும். ஒற்றி என்பது, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை அறிந்த பழைய முறை. கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் வருமானத்தை, அது பனையோ தென்னையோ வயலோ, அனுபவிப்பார். முதலைக் கொடுத்தால் காணி திரும்பும். மூன்றாவது நிபந்தனை அறுதி. இது உறுதிப்படி விற்பனை. குறிப்பிட்ட காலத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் காணியை மீள எழுதித் தருவதாக நிபந்தனை இருக்கும், அந்தத் திகதி தவறினால் காணி போய்விடும். “சும்மா ஈடுதான், கையெழுத்துப் போடுங்கோ” என்று சொல்லி நிபந்தனை அறுதியில் ஒப்பம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உறுதியை வேறொரு நொத்தாரிசிடமோ சட்டத்தரணியிடமோ காட்டி, அது எந்த வகை என்று இன்றே கேட்டறியுங்கள். தனியாரிடம் ஈடு வைத்த, அல்லது நிபந்தனை அறுதி எழுதிய கடன்களுக்கு, 1941 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி அமைந்து நீதி அமைச்சின் கீழ் இயங்கும் கடன் இணக்கச் சபையிடம் விண்ணப்பிக்கலாம். நிபந்தனை அறுதியானால் மீட்கும் காலம் முடிவதற்கு நன்கு முன்னரே விண்ணப்பம் போக வேண்டும். முடிந்த பிறகு போய்ப் பயனில்லை.

அடுத்தது உழைப்புக்கான பொருள். லீசிங் வண்டிக்கு, கடைசித் தவணை கட்டும்வரை, உடைமையாளர் கம்பனிதான், நீங்கள் பாவனையாளர். அந்த வண்டி போனால் 70,000 ரூபா வருமானமும் போய்விடும் என்பதால் மற்ற எல்லாக் கடனும் அதன் பின்னால் நிற்க வேண்டும்.

பிறகு வட்டி கூடிய தனியார் கடன். எங்கள் உதாரணக் குடும்பத்தில் ஓர் இலட்சத்துக்கு மாதம் 5,000 ரூபா வட்டி கட்டியும் முதலில் ஒரு சதம்கூடக் குறையவில்லை. வீட்டில் ஒரு சங்கிலியோ சோடிக் காப்போ இருந்தால், அதை அடைவு வைத்து இன்னொரு வட்டிக் கணக்குத் தொடங்குவதை விட, விற்று இந்த ஓர் இலட்சத்தை அடைப்பதே என் யோசனை. தாலிக்கொடியை விற்கச் சொல்லவில்லை. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைத்து, ஈற்றில் ஏலத்தில் போன நகைகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். பெட்டிக்குள் இருந்தும் கழுத்துக்கு வராத நகைக்காக அவர்கள் கட்டிய வட்டியில் இன்னொரு நகை வாங்கியிருக்கலாம்.

சீட்டை எங்கே வைப்பது என்பதில் எனக்கும் சட்டத்தரணிகளுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. சட்டப்படி பார்த்தால் அது கடைசியில் வரலாம். ஆனால் சீட்டுக்காசு, சீட்டை நடத்தும் தாய்ச்சியின் காசு அல்ல, அயலட்டைக் குடும்பங்களின் காசு. எடுத்த சீட்டைக் கட்டாமல் விட்டால் ஒழுங்கையில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அவசரத்துக்கு ஐந்நூறு ரூபா கேட்கும் வாசல்களும் மூடிவிடும். ஆகவே எடுத்த சீட்டைக் கட்டி முடியுங்கள். எடுக்காத சீட்டு என்றால் தாய்ச்சியிடம் நேரே சொல்லி வேறொருவருக்கு மாற்றிவிடுங்கள்.

சங்கிலியை விற்று வட்டிக்காரரை முடித்த பிறகு அந்த 20,000 ரூபாவை இப்படிப் பிரிக்கலாம்: சீட்டுக்கு 5,000, லீசிங்குக்கு 10,500, வங்கிக்கு 2,500, நுண்கடனுக்கு 2,000. ஐந்து மாதத்தில் சீட்டு முடிய அந்த 5,000 ரூபா வங்கிக்கும் நுண்கடனுக்கும் போகும். இந்தத் தொகைகளை அவர்கள் அப்படியே ஏற்பார்கள் என்று சொல்லவில்லை. பேச்சைத் தொடங்குவதற்கு உங்களிடம் இப்போது ஓர் எழுத்துக் கணக்கு இருக்கிறது.

வங்கிக்குப் போகும் நாள்

வங்கிகளில் தவணை 90 நாள் பிந்தினால் அந்தக் கடன் செயற்படாக் கடன் என்ற வகைக்குள் போகும். அதன் பிறகு கிளை முகாமையாளரின் கையில் உள்ள அதிகாரம் சுருங்கி, கோப்பு மீளறவிடும் பிரிவுக்கு நகரும். முதல் தவணை பிந்திய கிழமையிலேயே போனால் பேசுவதற்கு இடம் கூடுதலாக இருக்கும். மாத இறுதி, மாதத்தின் முதல் நாட்கள், சம்பள நாட்கள் தவிர்ந்த ஒரு காலையில், கொப்பி, கணக்குக் கூற்று, வருமானம் குறைந்ததற்கான ஆதாரம், அதாவது மருத்துவ அறிக்கையோ, வேலை நின்ற கடிதமோ, பயிர் அழிந்தது பற்றிய கிராம அலுவலரின் கடிதமோ எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு முகாமையாளரையே சந்திக்கக் கேளுங்கள். விதானையாரின் கடிதத்துக்கு வங்கியில் மதிப்பில்லை என்று சிலர் சொல்வார்கள். கோப்பில் கிடக்கும் ஒவ்வொரு கடதாசியும் பிறகு மேலதிகாரி முடிவெடுக்கும்போது உதவும் என்பது என் அனுபவம்.

கேட்கக்கூடியவை சில உண்டு. கடன் காலத்தை நீட்டித் தவணையைக் குறைப்பது. ஆறு மாதத்துக்கு வட்டி மட்டும் கட்டுவது. தண்ட வட்டியை நீக்குவது. பிந்திய தவணைகளைக் கடைசிக்குத் தள்ளுவது. இவற்றில் எதை ஏற்றாலும் மொத்தத்தில் எவ்வளவு கூடுதலாகக் கட்ட வேண்டிவரும் என்று கட்டாயம் கேளுங்கள், ஏனென்றால் பிந்திய வட்டியை முதலோடு கூட்டிவிட்டு, வட்டிக்கும் வட்டி போடும் மறுசீரமைப்பும் இருக்கிறது. “புதுக் கடன் ஒன்று தாறம், பழசை அதில கழியுங்கோ” என்று சொல்லப்பட்டால், வீட்டுக்குப் போய் யோசித்து வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

வாயால் பேசியது மட்டும் போதாது. அன்றே ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். தமிழில் எழுதலாம், தமிழில் பதில் கேட்கவும் உரிமை உண்டு. மாதிரி இது:

“முகாமையாளர் அவர்கட்கு. மேற்படி இலக்கக் கடனின் மாதத் தவணையான 12,000 ரூபாவை இந்த ஆண்டு மார்ச் வரை ஒழுங்காகச் செலுத்தி வந்தேன். ஏப்ரலில் எனக்கு ஏற்பட்ட விபத்தால் மூன்று மாதம் தொழில் செய்ய முடியவில்லை. மருத்துவ அறிக்கையின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது. எனது குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கையும் ஏனைய கடன்களின் விபரத்தையும் இணைத்துள்ளேன். அடுத்த ஐந்து மாதங்களுக்கு மாதம் 2,500 ரூபா வீதமும், அதன் பின்னர் கூட்டியும் செலுத்த என்னால் முடியும். இக்காலத்துக்குத் தண்ட வட்டி அறவிடாது, கடனை மீளட்டவணைப்படுத்தி, அதன் நிபந்தனைகளை எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கிளையின் முத்திரையும் திகதியும் வாங்கிக் கொப்பிக்குள் வையுங்கள். முத்திரை தர மறுத்தால் பதிவுத்தபாலில் அனுப்பி அந்தத் துண்டைப் பாதுகாக்கவும். பதில் வரும்வரை, நீங்கள் சொன்ன 2,500 ரூபாவை ஒவ்வொரு மாதமும் அதே திகதியில் கட்டிக்கொண்டே இருங்கள். ஒப்புக்கொள்ளாத வங்கிகூட, ஆறு மாதம் தவறாமல் வந்த சிறு தொகையைப் பார்த்து மனம் மாறுவதுண்டு.

பிணையாளிகளிடம் வங்கி சொல்வதற்கு முன்னர் நீங்களே சொல்லிவிடுங்கள். பெரும்பாலான பிணைப் பத்திரங்களில், முதலில் கடன் எடுத்தவரிடம் அறவிட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லும் உரிமையைப் பிணையாளி விட்டுக்கொடுத்தே கையெழுத்திடுகிறார். வங்கி நேரே அவரிடம் போகலாம். என்னோடு வேலை செய்த ஒருவருக்கு நான் பிணை நின்றேன். அவர் தவணை பிந்திய செய்தியை என் சம்பளச் சிட்டையில்தான் முதலில் கண்டேன். காசு கழிக்கப்பட்டதை விட, பக்கத்து மேசையில் இருந்துகொண்டு ஏழு மாதம் ஒரு சொல் சொல்லாமல் இருந்தாரே என்பதுதான் இன்றும் வலிக்கிறது.

வீட்டுக்கு ஆள் வந்தால்

நிறுவனத்தின் ஆள் வந்தால் அடையாள அட்டையைக் கேட்டு, பெயரையும் நேரத்தையும் கொப்பியில் எழுதிவிட்டுப் பேசுங்கள். பிள்ளைகளை வைத்து “அப்பா வீட்டில இல்லை” என்று சொல்லவைப்பது ஒரு கிழமைக்குக்கூட உதவாது. பற்றுச்சீட்டில்லாமல் ஒரு சதமும் கையில் கொடுக்க வேண்டாம். முடிந்தால் கணக்குக்கே கட்டுங்கள். வண்டியை எடுத்துச் செல்ல வந்தால் அதற்கான எழுத்து அதிகாரத்தைக் காட்டச் சொல்லுங்கள், கைகலப்புக்குப் போகாதீர்கள், வண்டிக்குள் இருந்த உங்கள் பொருட்களின் பட்டியலில் அவரது ஒப்பத்தை வாங்குங்கள், அன்றே கம்பனிக்குப் போய் மீட்பதற்கு எவ்வளவு, எந்தத் திகதிவரை அவகாசம் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

நுண்கடனில் வேறொரு சிக்கல். வாரக் கூட்டத்தில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றப் பெண்கள் கட்ட வேண்டும் என்பதால், நெருக்குவது கம்பனியா அயலவளா என்று பிரித்தறிய முடியாமல் போகிறது. போருக்குப் பின்னர் வடக்கில் இந்தக் கடன் பெருகிய வேகத்தையும் அது பெண்கள் மீது ஏற்றிய பாரத்தையும் இங்கே எல்லோரும் அறிவோம். 2018 இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, தவணை பிந்திய, 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. யாழ்ப்பாணமும் அதில் ஒன்று. அப்படியொன்று மீண்டும் வரும் என்று காத்திருந்து கட்டாமல் விட்டவர்களின் நிலுவை ஏறியதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. குழுத் தலைவியிடம் உங்கள் கணக்கைக் காட்டி, வாரத் தவணையை மாதத் தவணையாக மாற்றித் தருமாறு குழுவாகவே நிறுவனத்துக்கு எழுதுவது, தனியாக ஒளிந்து திரிவதை விட எவ்வளவோ மேல்.

இரவில் வருதல், அயலவர் முன் அவமானப்படுத்தல், பெண்களிடம் தகாத பேச்சு போன்றவை நடந்தால் முதலில் அந்த நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கே தீராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு எழுதலாம். 1935 என்ற இலக்கத்தில் பேசவும் முடியும். வங்கிகள், நிதிக் கம்பனிகள் பற்றிய முறைப்பாட்டை நிதிக் குறைகேள் அதிகாரியிடமும் கொண்டுபோகலாம். இந்த வழிகள் உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கே செல்லும் என்பதால், கடன் தந்த நிறுவனம் மத்திய வங்கியின் பட்டியலில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடிப்பேன், கொளுத்துவேன் என்ற மிரட்டல் வந்தால் அது கடன் விடயம் அல்ல. பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள்.

வட்டிக்காரரும் காசோலையும்

கடனைத் திருப்பிக் கட்ட முடியாமை மட்டும் குற்றமாகாது. ஆனால் கணக்கில் காசில்லை என்று தெரிந்துகொண்டு காசோலை எழுதிக் கொடுப்பது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். மீற்றர் போல நாளுக்கு நாள் வட்டி ஏற்றும் வட்டிக்காரர் வெற்றுக் காசோலையில் ஒப்பம் வாங்குவது இதற்காகத்தான்: வெறுங்கடனாக இருந்தது, அந்த ஒப்பத்தோடு, உங்களைச் சிறைக்கு அனுப்பும் பயமாக மாறிவிடுகிறது. இனிமேல் எவருக்கும் திகதியோ தொகையோ இல்லாத காசோலை கொடுக்காதீர்கள். முன்னர் கொடுத்திருந்தால் எத்தனை தாள், எந்த இலக்கங்கள் என்பதைக் கொப்பியில் எழுதி, சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

தனியார் கடனில் கட்டும் ஒவ்வொரு தொகைக்கும், அது முதலா வட்டியா என்று குறிப்பிட்டு ஒப்பம் வாங்குங்கள். வட்டி நிலுவை முதலை விஞ்சி அறவிடப்படக்கூடாது என்ற பழைய விதி எங்கள் நாட்டுச் சட்டத்தில் உண்டு. உங்கள் கடனுக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்பது நல்லது. எழுத்தில்லாத கடனுக்கு 3 ஆண்டுகள், எழுத்திலுள்ள கடனுக்கு 6 ஆண்டுகள், ஈட்டுக்கு 10 ஆண்டுகள் என்று வழக்குத் தொடரும் காலவரையறையும் 1871 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. பழைய கடன் ஒன்றுக்காகச் சிறு தொகை கட்டினாலோ, கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தாலோ அந்தக் காலம் புதிதாகத் தொடங்கிவிடும் என்பதால், பொலிஸ் நிலையத்தில் வைத்து “இதில ஒரு சைன் போட்டுட்டுப் போங்கோ” என்று நீட்டப்படும் கடதாசியையும் வாசிக்காமல் ஒப்பமிட வேண்டாம். பொலிஸ் நிலையம் கடன் அறவிடும் இடம் அல்ல.

அயலவரோடும் உறவினரோடும் உள்ள கைமாற்றுப் பிணக்கைப் பேசித் தீர்க்க உகந்த இடம், ஊரில் இணக்கசபை என்று பழகிப்போன மத்தியஸ்த சபை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இச்சபைகள் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில் கூடும். சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. மூன்று பேர் இருந்து இரு பக்கமும் கேட்பார்கள். அங்கே நீங்கள் ஒப்புக்கொள்ளும் மாதத் தொகை எழுத்தாகும் என்பதால் கொப்பி இல்லாமல் அங்கும் போகாதீர்கள். கூட்டுறவுச் சங்கக் கடன் பிணக்குக்குக் கூட்டுறவுத் திணைக்களத்தின் நடுத்தீர்ப்பு முறை தனியாக உண்டு.

நீதிமன்றக் கடதாசி வந்தால்

பிஸ்கால் உத்தியோகத்தர் கொண்டுவரும் அழைப்பாணையை வாங்காமல் ஒளிப்பதைப் போலத் தன் தலையில் தானே மண் போடும் வேலை வேறில்லை. மேற்சொன்ன 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின்படி நிதி நிறுவனமொன்று ஆவணங்களையும் சத்தியக்கடதாசியையும் வைத்து, உங்களைக் கேட்காமலே இடைக்காலத் தீர்ப்பாணை ஒன்றைப் பெறலாம். அதில் குறித்த திகதியில் நீங்கள் தோன்றி, எதிர்வாதத்துக்கு அனுமதி கேட்டுச் சத்தியக்கடதாசி கொடுக்காவிட்டால் அது முடிந்த முடிபாகிவிடும். அதே ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டப்படி, ஈடு வைத்த காணியை நீதிமன்றம் போகாமலே, தன் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தின் மூலம் ஏலத்தில் விற்கவும் வங்கிக்கு அதிகாரம் உண்டு. 2024 இல் இந்த அதிகாரம் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டதை நம்பிக் கடிதங்களைப் பிரிக்காமல் விட்டவர்கள் உடனே அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்துக்குப் போகலாம். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே உதவி கிடைக்கும். வழக்குத் தொடங்கிய பிறகும் தவணை முறைக்கு இரு தரப்பும் இணங்க இடமுண்டு. அந்த இணக்கம் நீதிமன்றப் பதிவேட்டில் ஏறும்.

கடன் முடிந்த நாளில்

வெளிநாட்டில் உள்ள ஒருவர் உதவ முன்வந்தால், மாதாமாதம் சிறு தொகை அனுப்பச் சொல்வதை விட, ஒரு கடனை ஒரேயடியாக முடிக்கும் தொகையைக் கேளுங்கள். முழுவதையும் ஒன்றாகக் கட்டுகிறோம் என்றால் தண்ட வட்டியையும், சிலவேளை வட்டியின் ஒரு பகுதியையும் நிறுவனங்கள் விட்டுக்கொடுப்பதுண்டு. ஆனால் “இத்தொகையோடு கடன் முழுவதும் தீரும்” என்ற கடிதம் கைக்கு வந்த பிறகே காசு போக வேண்டும்.

கட்டி முடித்த அன்று வெறுங்கையோடு திரும்பாதீர்கள். கடன் தீர்ந்ததாக நிறுவனம் தரும் கடிதம், வண்டியானால் உடைமை மாற்றத்துக்கான பத்திரங்கள், கொடுத்து வைத்த காசோலைத் தாள்கள், பிணையாளிகளை விடுவித்த கடிதம், காணியானால் மூல உறுதி என்பவற்றை எண்ணி வாங்குங்கள். கடன் தகவல் பணியகத்தில் பழைய தவறுதல்கள் உடனே மறைந்துவிடா; தீர்ந்தது என்ற பதிவாவது ஏறியிருக்கிறதா என்று சில மாதம் கழித்து மறுபடி அறிக்கை எடுத்துப் பாருங்கள். ஈட்டு நீக்க உறுதியை எழுதுவித்ததோடு நில்லாமல், காணிப் பதிவகத்தில் அது பதியப்பட்டதா என்றும் தேடிப் பார்க்க வேண்டும். தகப்பன் கட்டி முடித்த ஈடு பதிவேட்டில் அப்படியே கிடக்க, மகளுக்குச் சீதனமாகக் காணியை எழுதப்போன இடத்தில் அது தெரியவந்து, கடன் கொடுத்தவரின் பிள்ளைகளைத் தேடி அலைந்த குடும்பமொன்று எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறது.